நாள் குறித்தது நான்தான்

கடலூர் முதுநகர்
ஆடி 20

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நீ பேசி வைத்ததும் அம்மா படுத்துவிட்டாள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நானும் பாதியிலேயே விட்டுவிடுவேன். அதனால்தான் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து பொறுமையாகப் படி.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ லைசென்ஸ் வாங்கிய அன்று தெருவுக்கே சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். அமெரிக்காவில் மேற்கே ஃபீனிக்ஸிலிருந்து உன் அண்ணன் வீட்டுக்கு, கிழக்கே ராலே வரைக்கும், நீயும் மாப்பிள்ளையும் சின்ன விமானத்தில் போகப்போகிறீர்கள் என்றதும் எனக்கு முதலில் வந்தது பெருமைதான். பயம் அப்புறம்தான் வந்தது.

நீ அனுப்பிய வரைபடத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நேர்கோட்டில் 1,900 மைல். கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போவதைவிடக் கூடுதல். அதை மணிக்கு 220 கிலோமீட்டர் போகிற ஒரு செஸ்னா 172-இல், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, மூன்று நாளில் கடப்பது என்பது உன் கணக்கு. டூசான், டெமிங், எல் பாசோ, அப்புறம் குவாடலூப் மலையைத் தாண்டி டெக்சாஸ். ஒவ்வொரு ஊரையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். எல் பாசோ பக்கம் வடக்கே ஏவுகணை சோதிக்கிற வெளி, தெற்கே மெக்சிகோ எல்லை, நடுவில் ஒரு சந்துபோலத்தான் வழி என்று நீ விளக்கியது நினைவிருக்கிறது.

உன் கவனத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. போன மாதம் வீடியோவில் காட்டினாயே, கண்ணாடிக் குழலை இறக்கையின் அடியில் வைத்து அழுத்தி, பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாய். சொட்டு நீலம் கலந்த மாதிரி வெளிர்நீல நிறம். "தண்ணி இருந்தா அடியில முத்து மாதிரி தனியா நிக்கும்ப்பா" என்றாய். இறக்கைக்கு ஐந்து, வயிற்றுப்பக்கம் மூன்று, மொத்தம் பதின்மூன்று இடத்தில் பிடித்துப் பார்த்தாய். ஒன்றைக்கூட விடவில்லை. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.

துறைமுகத்தில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி விளக்கு நின்று நின்று எரிந்தது. திறந்து பார்த்தால் மண்ணெண்ணெயில் தண்ணீர். அன்றிலிருந்து எண்ணெயைத் துணியில் வடிகட்டாமல் ஊற்றியதே இல்லை. நீ அந்தக் குழலைத் தூக்கிப் பிடித்தபோது என் கையைப் பார்த்த மாதிரியே இருந்தது, கண்ணு.

ஆகவே எனக்குப் பயம் விமானத்தைப் பற்றி இல்லை. நாளைப் பற்றித்தான். அந்த நாளைக் குறித்துக் கொடுத்தது நான். திருப்பாதிரிப்புலியூர் ஜோசியரிடம் போய், பாடலீஸ்வரர் சன்னதியில் வைத்து எடுத்து, ஆவணியில் முதல் முகூர்த்தத்துக்கே அண்ணன் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும், நாத்தனார் கையால்தான் விளக்கு ஏற்ற வேண்டும் என்று சொன்னதும் நான்தான். அதற்கு நீ நேற்று சொன்ன பதில்: "எப்படியாவது வந்துடுவேன்ப்பா, கவலப்படாதீங்க."

அந்த "எப்படியாவது" என்னைத் தூங்கவிடவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதை நான் முழுசாக உன்னிடம் சொன்னதில்லை. தானே புயல் வந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். 2011 டிசம்பர் 29. நான் ஓய்வு பெற்று ஆறு மாதம். அரியாங்குப்பத்தில் உன் அத்தை நிலம் ஒன்றைப் பதிவு செய்ய இருந்தார். 30-ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். துறைமுகத்தில் அபாயக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. அந்தக் கூண்டை எத்தனை வருஷம் என் கையால் கயிற்றில் கட்டி ஏற்றியிருக்கிறேன்! பகலில் கூண்டு, ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். படகை எடுக்காதீர்கள் என்று எத்தனை பேரிடம் மன்றாடியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சாயங்காலம் நாலரை மணிக்கு டிவிஎஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இருபது கிலோமீட்டர்தானே, காற்று ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

பெண்ணையாற்றுப் பாலத்திலேயே வண்டி ஒருபக்கமாகத் தள்ளியது. அப்போதே திரும்பியிருக்கலாம், வீடு பின்னால் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பாலத்தைத் தாண்டியதும் மனசு என்ன சொன்னது தெரியுமா? "இவ்வளவு தூரம் வந்தாச்சு." ரெட்டிச்சாவடி தாண்டியதும் அதே. கன்னியக்கோவிலுக்கு முன்னால், எனக்கு இருபதடி தள்ளி, ஒரு புளியமரக் கிளை சாலையின் குறுக்கே விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, காற்றுச் சத்தம் அப்படி. புளியங்காய் முகத்தில் கல் மாதிரி அடித்தது. வண்டியைப் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட முதல் வீட்டின் கதவைத் தட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். விடியற்காலை புயல் கரையைக் கடந்தது, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், சரியாக எங்கள் தலைக்கு மேலே. அந்த வீட்டுக் கூரைத் தகடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போனதை உள்ளே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் நடந்தே அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்தேன். உன் அத்தை என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "புயல் நாள்ல எந்த ஆபீஸ்டா தம்பி தொறப்பான்? நேத்து மத்தியானமே வேணாம்னு சொல்லப் போன் போட்டேன், லைனே கிடைக்கல." அவர் எனக்காகக் காத்திருக்கவே இல்லை, கயல். காத்திருக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு போனேன். இரண்டு நாள் நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாமல் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டு நாளுக்கு அவளிடம் இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இப்போது உன் பாதையைப் பார்க்கிறேன். ஆவணியில் அரிசோனாவில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை கட்டும் என்று நீயேதான் சொன்னாய். அதனால் விடியும்போதே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவாய், சரி. எல் பாசோ ஓடுதளம் கிட்டத்தட்ட 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. வெயில் 35 டிகிரி இருந்தால் காற்று இளகி, விமானத்துக்கு அது 7,000 அடிக்கு மேல் இருக்கிற மாதிரித் தோன்றும் என்றாய். எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும், இறக்கைக்கும் பிடிப்புக் குறையும். புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்து ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர். நம் ஊர்க் கடல் மட்டத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு உனக்குத் தாராளம். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. முதல் நாள் தாமதமாகி, "எப்படியாவது இன்னிக்கே டெக்சாஸ் போயிடணும்" என்று மத்தியானம் இரண்டு மணிக்குப் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு நீ ஓடுதளத்தில் நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படி நிற்க உனக்கு ஒரு காரணமும் இருக்கக் கூடாது.

அடுத்தது மேகம். மேகத்துக்குள் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்ட அனுமதிக்கிற இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை நீ இன்னும் வாங்கவில்லை. கண்ணுக்கு மேல் மறைப்புப் போட்டுக்கொண்டு, வெளியே பார்க்காமல் மீட்டரை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகிய அன்று சொன்னாய், "காது பொய் சொல்லுதுப்பா, நேராப் போறோம்னு நினைச்சா சாஞ்சு போயிட்டிருக்கோம்." அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. மிசிசிப்பி, அலபாமா பக்கம் காலையில் மேகம் தாழ இருந்தால், அது உனக்குச் சுவர். முன்னால் வெளுத்துவிடும் என்று நம்பி அடியில் நுழையாதே. வந்த வழியே திரும்பிவிடு. பெண்ணையாற்றுப் பாலத்தில் நான் செய்யாததை நீ செய்.

டேங்கில் ஐந்து மணி நேரத்துக்குப் பெட்ரோல் நிற்கும். பகலில் அரைமணி நேரப் பெட்ரோல் மிச்சம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். நீ ஒரு மணி நேரம் வைப்பேன் என்றாய். அதைக் குறைக்காதே. அப்புறம் தண்ணீர் குடி. நடுவில் பாத்ரூம் போக முடியாது என்று குடிக்காமல் இருந்துவிடுவாய் என்று அம்மாவுக்குத் தெரிகிறது. அந்த வெயிலில் தலைசுற்றல் வந்தால் ஓட்டுவது யார்?

ஜே.ஆர்.டி. டாடா கதையைச் சின்ன வயசில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவில் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். 1930-இல் டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த்திசையில் ஆஸ்பி எஞ்சினியர், பதினேழு வயசுப் பையன். எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் டாடா இறங்கினால், அங்கே அந்தப் பையன் ஸ்பார்க் பிளக் போய் நின்றுகொண்டிருக்கிறான். டாடா தன்னிடம் இருந்த உபரி பிளக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். சில மணி நேர வித்தியாசத்தில் பையன் ஜெயித்தான், பின்னாளில் விமானப்படைத் தளபதியாகவும் ஆனான். போட்டிக்குப் பறந்தவரே வழியில் நின்று அடுத்தவன் எஞ்சினைப் பார்த்திருக்கிறார். நீ போட்டிக்குப் போகவில்லை. உன் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறாய்.

அதனால் நான் இன்று காலையில் சில காரியம் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அண்ணனிடம் பேசினேன். அந்த முகூர்த்தத்தில் அண்ணி வீட்டார் பால் காய்ச்சட்டும், உனக்காக யாரும் அடுப்பை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவனும் "அதான்ப்பா சரி" என்றான். ஜோசியரிடமும் போனேன். ஆவணியில் இன்னும் இரண்டு நல்ல நாள் இருக்கிறது. நீ எந்த நாள் போய்ச் சேர்ந்தாலும் அன்றைக்கு உன் கையால் விளக்கு ஏற்றிக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை என்றார். அம்மா முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் புயல் ராத்திரியை நினைவுபடுத்தினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தாள்.

தினமும் இறங்கியதும் மெசேஜ் போடுவாய், தெரியும். "இன்னிக்குக் கிளம்பல"ன்னும் ஒரு மெசேஜ் போடு. இறங்கியதைவிட அதைப் படித்தால் எனக்கு நிம்மதி அதிகம். ஒரு ஊரில் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் தங்கு. ஹோட்டல் செலவு என்னுடையது. பென்ஷனில் எடுத்து வைத்திருக்கிறேன், இதில் மட்டும் வாதாடாதே. வானம் சரியாகவே வரவில்லை என்றால் விமானத்தை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு, டிக்கெட் எடுத்துப் பெரிய விமானத்தில் போய்ச் சேருங்கள். அந்த விமானத்தில் உன்னோடு பங்கு போட்டிருக்கிற மற்ற மூன்று பேரிடமும் இதை இப்போதே பேசி வைத்துக்கொள்.

கடைசியாக அந்த நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. அதை நீ கையோடு கொண்டுபோக வேண்டாம். நாளைக்கே கொரியரில் போட்டுவிடு, உனக்கு முன்னால் அது போய்ச் சேரட்டும். அன்னப்பட்சியை முதலில் திருகிக் கழற்று, மேலே கையால் அழுத்தாதே, கழுத்து வளைந்துவிடும். தட்டு, தண்டு, பாதம் மூன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். மரை இறுகியிருந்தால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ராத்திரி வைத்துவிடு. ஒவ்வொன்றையும் அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்று, உன்னிடம் இரண்டு இருக்கிறது. தட்டை மட்டும் குப்புற வை.

அன்புடன்
அப்பா