பழைய கேமிங் கம்ப்யூட்டரை விற்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனது பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஐந்தாறு வருடப் பழைய கம்ப்யூட்டர் என்றால் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது என்று போகிற போக்கில் எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. நான் ஈரோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். கேம் விளையாட அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்கள்தான் இப்போது அதிகம் வருகின்றன. அவற்றில் பலவும் விண்டோஸ் 11 தாராளமாக ஓடக்கூடியவை.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎம்டியின் ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 கிராஃபிக்ஸ் கார்டு. "போர்டு, ப்ராசஸர், ரேம் மூணையும் மாத்தணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்கண்ணா" என்றார். மைக்ரோசாஃப்ட் ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் அவருடையது இருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் போர்டின் அமைப்புகளை மாற்றும் மெனுவில், எஃப்டிபிஎம் அணைந்திருந்தது, அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைத் தனி சிப் இல்லாமலே தருவது அதுதான். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவும் அப்படித்தான் வந்தன. இன்டெல் போர்டில் இதே வசதிக்குப் பிடிடி என்று பெயர்.

அணைந்திருப்பதை ஆன் செய்தால் போதுமா என்றால், அங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட் வசதியையும் விண்டோஸ் 11 எதிர்பார்க்கிறது. அதை ஆன் செய்ய, பழைய பூட் முறையான சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டும். பழைய முறையில் விண்டோஸ் போட்ட டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவத்தில் இருக்கும். அதை மாற்றாமல் பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்தால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. போர்டே போய்விட்டது என்று பயந்து கடைக்கு ஓடிவருவார்கள். முதலில் முக்கியமானதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்க வேண்டும். அடுத்து விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்கை ஜிபிடி என்ற புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அப்புறம்தான் சிஎஸ்எம்-ஐ அணைத்து, செக்யூர் பூட்டை ஆன் செய்ய வேண்டும். விண்டோஸையோ கேம்களையோ அழிக்க வேண்டியதில்லை.

ரைசன் வைத்திருப்பவர்கள் பயாஸையும் அப்டேட் செய்துவிடுவது நல்லது. எஃப்டிபிஎம்-ஐ ஆன் செய்தால் சில மெஷின்களில் கேம் அவ்வப்போது திக்கி நிற்பதை 2022-இல் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, புதிய பயாஸ் வழியாகச் சரிசெய்தது. ஆனால் நம் ஊர் கரண்ட்டை நம்பி அதைச் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டு நிஜமாகவே போய்விடக்கூடும். யூபிஎஸ் இருந்தால் மட்டும் தொடுங்கள்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 11 செய்யும் இந்தத் தகுதிச் சோதனைகளைத் தாண்டி அதைக் குறுக்கு வழியில் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். டெஸ்க்டாப் அழகாக வந்துவிடும். வீட்டுக்குப் போய் வாலரன்ட்டைத் திறந்தால் எரர்தான் வரும். விண்டோஸ் 11-இல் அந்த விளையாட்டு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். பேட்டில்ஃபீல்ட் 6-க்கோ விண்டோஸ் 10-இலும் செக்யூர் பூட் வேண்டும்.

நிஜமாகவே தகுதியில்லாத மெஷின்களும் உண்டு. முதல் தலைமுறை ரைசன், இன்டெல் ஏழாம் தலைமுறையில் ஏறக்குறைய எல்லாமே அப்படி. அவர்களுக்கும் உடனே செலவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் இலவசமாகவே கிடைக்கும் என்று அந்த நிறுவனமே அறிவித்திருக்கிறது. தனியாளாக ஆடும் கேம்கள் மட்டும் போதும் என்பவர்கள் லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓடவைக்கும் ஸ்டீமின் புரோட்டானை முயன்று பார்க்கலாம். ஆனால் வாலரன்ட் அதில் ஓடாது.

ரேம் விலை இப்படி ஏறிக்கிடக்கும் நேரத்தில் புது மெஷின் என்பது சின்ன விஷயம் இல்லை. ஏஎம்டி ப்ராசஸர்களுக்கான இன்றைய ஏஎம்5 போர்டுகளில் பழைய டிடிஆர்4 ரேமைப் போடவும் முடியாது, அதையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அந்த மாணவர் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்து வாங்கிய கம்ப்யூட்டர் அது. ஒரு செட்டிங் அணைந்திருந்ததற்காக அதைத் தூக்கிப்போடச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

ஒரு வேண்டுகோள். பயாஸ் மெனு ஒவ்வொரு கம்பெனி போர்டிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எந்தப் போர்டில் எந்தப் பக்கத்தில் எஃப்டிபிஎம், பிடிடி இருக்கிறது என்று ஸ்க்ரீன்ஷாட்களோடு தமிழில் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். படங்களை எடுத்துத் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு