ஹைதராபாத்தில் இருக்கும் மகளுக்கு

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆச்சியும் சுகம். போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன், முழுதும் வாசி.

ஊரில் மழை இல்லை. கோயில் அசன விருந்துக்கு வரி பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நம் சபைகளின் நிர்வாகத்துக்கான சேகரத் தேர்தலும் வருகிறது. ஒரு அணிக்காரர்கள் பட்டியலோடு வந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எந்த வகையறா, எத்தனை ஓட்டு என்று பென்சிலில் குறித்திருந்தது. ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அதைப் பேசினார்கள். என் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ கோயிலுக்குப் போகிறாயா? தமிழ் ஆராதனையை விட்டுவிட்டுத் தெலுங்குக் கோயிலுக்குப் போவதாகத் தம்பி சொன்னான். எந்தப் பாஷையானாலும் சரி, திருவிருந்தை மட்டும் விட்டுவிடாதே. பிரசங்கத்தை யாரோ உனக்குத் தமிழில் சொல்லித் தருகிறார்களாம். யாரென்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அத்தைதான் உன் கிறிஸ்மஸ் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வந்தாள். யாரையோ பற்றிப் பொதுவாகச் சொல்வதுபோல, "அந்தப் பக்கத்துப் பையன்களெல்லாம் கோயிலுக்கு வருவாங்களாம், சர்டிபிகேட்டில மட்டும் இந்துன்னு இருக்குமாம்" என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான்.

1950ல் வந்த ஜனாதிபதி உத்தரவின்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்.சி. 1956ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவனுக்கு இன்றுவரை இல்லை. ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் இந்த மதக் கட்டுப்பாட்டை எடுத்துவிடச் சொல்லி 2007ல் அறிக்கை கொடுத்தது. அப்படியே கிடந்தது. 2022ல் இதையே ஆராய பாலகிருஷ்ணன் கமிஷனைப் போட்டார்கள். நீ இருக்கும் தெலங்கானாவில் ஒரு மாலா வீட்டுப் பையனோ மாதிகா வீட்டுப் பையனோ ஞானஸ்நானம் பெற்றதை ஆபீசில் எழுதிக் கொடுத்தால் எஸ்.சி. போய் பி.சி.யில் சி பிரிவு. எஸ்.சி.க்கு 15 சதவீதம், அந்தப் பிரிவுக்கு 1 சதவீதம். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடும். ஞானஸ்நானம் எடுத்ததற்காக எந்த ஊர்ப் பெரியவர் அவன் அப்பாவைத் திண்ணையில் உட்காரவைத்தார்?

நம்மைப் பார். நம் ஆட்களுக்கு இந்துவானாலும் பி.சி., கிறிஸ்தவனானாலும் பி.சி. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை வேறு. விசுவாசத்துக்காக நாம் எதையும் இழந்ததில்லை. ஒன்றும் இழக்காத நாம் மற்றவன் சர்டிபிகேட்டைப் பிரித்துப் பார்க்கலாமா?

விசுவாசத்தை மறைப்பது பாவமில்லையா என்று அத்தை கேட்டாள். ஞாயிறு பள்ளியில் உனக்கு நாகமான் கதையை நான்தானே சொல்லித் தந்தேன். குஷ்டம் நீங்கி, இனி கர்த்தர் ஒருவரையே தொழுவேன் என்று சொன்ன பிறகு, அவன் எலிசா தீர்க்கதரிசியிடம் ஒன்று கேட்கிறான். ராஜா என் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் என்ற அவர்கள் தெய்வத்தின் கோவிலில் பணியும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும் என்கிறான். எலிசா திட்டவில்லை. "சமாதானத்தோடே போ" என்று அனுப்பினார். நாகமானாவது சேனாபதி. காலேஜ் ஃபீஸுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளையிடம் நாம் அதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டுமா? இப்படி இரண்டு விதமாக வாழ்வது நல்லது என்று நான் சொல்லவில்லை. அது மனதை அரிக்கும். ஆனால் அந்தக் குற்றம் சட்டத்தின் மேலும், அதை மாற்றச் சொல்லி ஒன்றாய் நிற்காமல் அணி சேர்த்துக்கொண்டிருக்கும் சபையின் மேலும்தான்.

அத்தையிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் காப்பி குடிக்காமல் போய்விட்டாள். அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஜெபத்தில் உன் பெயர் வரும்போது மட்டும் கொஞ்சம் நேரமாகிறது.

ஒரு லீவு நாளில் தோர்ணக்கல் போய்விட்டு வா. நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903ல் பாளையங்கோட்டையில் ஐ.எம்.எஸ். என்ற இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்தவர், அங்கேதான் ஊழியத்துக்குப் போனார். 1912ல் பேராயரானார். அவர் கட்டிய பேராலயத்தை 1939ல் பிரதிஷ்டை செய்தார்கள். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா ஜனங்கள். ஐ.எம்.எஸ். என்றால் உன் ஆச்சிக்கு உயிர். இன்றைக்கும் உலை வைக்குமுன் கைப்பிடி அரிசி எடுத்து வைக்கிறாள். அரிசி அனுப்பிய சபைக்காரர்கள், அந்த ஜனத்தில் ஒருவர் நம் நடையேறினால் மட்டும் முகத்தைத் திருப்பினால் அது என்ன ஊழியம்?

முதல் சம்பளத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடச் சொல்லி அனுப்பிய பிள்ளை நீ. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அப்படிப்பட்டவள் தம்பியிடம் சொல்கிறாய், போட்டோவைப் பார்த்து அத்தை தெரிந்துகொள்கிறாள், அப்பாவிடம் மட்டும் சொல்வதில்லை. எனக்கு அது வலிக்கிறது. நான் திட்டுவேன் என்று நினைத்தாயா? ஒருவேளை முதலில் சத்தம் போடலாம். ஆனாலும் கேட்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. திருவிருந்தை விடாதே.

அசனத்துக்குக் கட்டாயம் வா. தனியாக வருகிறாயா, கூட ஆள் வருகிறதா என்பதை முன்னாலேயே சொல்லிவிடு. மாடி அறையில் நெல்மூட்டை கிடக்கிறது, ஒதுக்க வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு, நான் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா