தேய்க்காதே தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உன் அம்மா பரு போன இடத்துக் கரும்புள்ளிகளைப் பார்த்தாள். எனக்கு மூக்கைச் சுற்றித் தோல் உரிந்து கிடப்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. அந்த ஸ்க்ரப்பை இன்னும் போட்டுத் தேய்க்கிறாயா? ஆமாம் என்றால் இன்றோடு நிறுத்து. மற்றதெல்லாம் அப்புறம்.

தேய்த்தால் போவதற்கு அது அழுக்கு இல்லை. பரு வீங்கிச் சிவந்தபோது அந்த இடத்தில் மெலனின் என்கிற நிறமி கூடுதலாக உருவாகிவிட்டது. பரு அடங்கிவிட்டது, நிறம் தங்கிவிட்டது, அவ்வளவுதான். நம்மைப் போன்ற மாநிறக்காரர்களுக்கு இது சீக்கிரம் வரும், மெதுவாகத்தான் போகும். மேல்தோலோடு நின்ற பழுப்புப் புள்ளி சில மாதங்களில் மங்கும். உள்ளே இறங்கிச் சாம்பல் நீலமாகத் தெரிவது வருடக்கணக்கில்கூட இருக்கும். நீ தேய்த்துத் தேய்த்து எரிச்சல் உண்டாக்கினால் தோல் அதையும் ஒரு காயமாகவே எடுத்துக்கொண்டு, இன்னும் கருக்கும். எலுமிச்சைச் சாறு, பற்பசை என்று யாராவது வீடியோவில் சொன்னால் பார்த்துச் சிரித்துவிட்டுப் போ. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளம் கிளம்பி அந்த இடமே கருத்துவிடலாம்.

எண்ணெய் வழிகிறது என்று எழுதியிருந்தாய். ஆண்களுக்கு அது ஹார்மோன் செய்கிற வேலை. சுரப்பி தோலுக்குள் இருக்கிறது, மேலே எத்தனை தடவை கழுவினாலும் அது நிற்காது. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, நன்றாக வியர்த்தால் இன்னொரு தடவை கழுவு, போதும். சாலிசிலிக் அமிலம் 2% வரை உள்ள ஃபேஸ்வாஷ் உனக்குச் சரிப்படும். அது எண்ணெயில் கரைவதால் அடைத்த துளைக்குள்ளும் இறங்கும். அப்புறம், எண்ணெய்ச் சருமத்துக்கும் மாய்ஸ்சரைசர் வேண்டும், ஜெல் மாதிரி லேசானது. பரு மருந்துகள் தோலை வறள வைக்கும்; பூச ஆரம்பித்ததும் ஏன் சொன்னேன் என்று உனக்கே தெரியும்.

இனி சன்ஸ்க்ரீன். பிசுபிசுக்கிறது என்று நீ தூக்கிப் போட்டது எனக்குத் தெரியும். ஆனால் அது இல்லாமல் மற்ற எதைப் பூசினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். இரவெல்லாம் மருந்து மங்க வைத்ததைப் பகல் வெயில் திரும்பக் கருக்க வைத்துவிடும். வெயிலைத் தடுக்கும் திறனைச் சொல்கிற எஸ்பிஎஃப் எண் 30க்குக் குறையாமல், ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ (யுவிஏ, யுவிபி என்ற இரண்டு வகைப் புற ஊதாக் கதிரையும் தடுப்பது) என்று போட்டிருக்கிற ஜெல் வகையை எடு. ‘நான் காமெடோஜெனிக்’ என்றும் இருக்கட்டும், துளையை அடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பெரும்பாலோர் அதில் பாதிகூடப் போடுவதில்லை. வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். நம் தோலைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும்தான். அதற்கு அயர்ன் ஆக்ஸைடு கலந்த, நிறம் சேர்த்த சன்ஸ்க்ரீன் நல்லது. பெண்கள் சமாசாரம் என்று கூச்சப்படாதே, பூசினால் யாருக்கும் தெரியாது.

தாடை ஓரத்துப் புள்ளிகள் பருவால் வந்தவையாக எனக்குப் படவில்லை. வரிசையாக இருக்கின்றன, ரேசரால் வந்ததாக இருக்கலாம். ஒட்ட வழித்த முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்தால் சின்னக் கட்டி வரும், அது கறுத்துப் புள்ளியாக நிற்கும். குளித்த பிறகு, முடி இளகியிருக்கும்போது, வளரும் திசையிலேயே வழி. தோலை இழுத்துப் பிடிக்காதே, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டாதே. என்னைக் கேட்டால் கொஞ்ச நாள் டிரிம்மர் போதும்; ஒரு மில்லிமீட்டர் தாடி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

மருந்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள். என் ஓட்டு அசிலாயிக் அமிலத்துக்கு. பருவையும் அடக்கும், நிறத்தையும் குறைக்கும். டாக்டர்கள் 15 முதல் 20% வரை எழுதுவார்கள். துளை அடைபடாமல் பார்த்துக்கொள்கிற அடாபலின் 0.1% ஜெல்லும் நல்லதுதான். இரவில், முகம் முழுவதற்கும் பட்டாணி அளவு, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மென்மையாக வேண்டுமென்றால் நியாசினமைடு (வைட்டமின் பி3 வகை) 4 அல்லது 5%. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் வாங்கி அடுக்கிப் பூசினால் மறுபடி எரிச்சல், மறுபடி கருப்பு. எதைப் பூசினாலும் 8 முதல் 12 வாரம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதே. தினமும் கண்ணாடியில் எண்ணாமல், மாதம் ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் படம் எடு. (உன் நீலத் துண்டு திட்டுத்திட்டாக வெளுத்ததற்கு உன் அம்மா சோப்புத் தூளைத் திட்டினாள். நீ பருவுக்குப் பூசுகிற பென்சாயில் பெராக்ஸைடின் வேலை அது.)

பிதுக்காதே என்று தனியாக எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பின்கழுத்தும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது வேறு விஷயம். ரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தாலோ, ஓரம் கோணினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் டாக்டரிடம் போ. ஆழமாக வலிக்கிற பருக்கள் தொடர்ந்து வந்தாலும் போ, புள்ளிக்கு முன்னால் பருவை நிறுத்தியாக வேண்டும்.

உன் நண்பன் கொடுத்த கிரீம் ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்க வைத்தது என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்குக் கவலை. அவ்வளவு வேகமாக வேலை செய்தால் அதில் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் வலுவான மருந்து, இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் பளபளக்கும், போகப்போகத் தோல் மெலிந்து சிவக்கும், பரு கொத்தாக வரும், நிறுத்தினால் எரியும். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால், இதில் எந்தப் பெயராவது டியூப்பில் இருக்கிறதா பார். இருந்தால் இனி புள்ளிக்கென்று பூசாதே. ரொம்ப நாளாகப் பூசி வந்திருந்தால் எப்படி நிறுத்துவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள். பெயர் எதுவுமே அச்சிடவில்லை என்றால் தூக்கிப் போடு, சில வெளுப்பு கிரீம்களில் பாதரசம்கூடக் கலக்கிறார்கள். தூக்கிப் போடும் முன் டியூப்பின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. இன்றைக்கே.

அன்புடன்,
அப்பா