ஆய்வு மனுக்களை நோயாளி வீட்டாரும் படிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மக்களிடம் நன்கொடை திரட்டி மருத்துவ ஆய்வுக்குக் கொடுக்கும் அறவாரியங்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் பணம் கேட்டு அனுப்பும் மனுக்களைப் படித்து, எந்த ஆய்வுக்குப் பணம் தரலாம் என்று முடிவு செய்யும் இடத்தில், அந்த நோயோடு குடித்தனம் நடத்துபவர்களையும் உட்கார வையுங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன் நோய். நன்கொடைப் பணத்தில் நடந்த ஓர் ஆய்வுக்குக் கூப்பிட்டார்கள், சேர்ந்தோம். முதல்நாள் இரவிலிருந்தே மாத்திரையை நிறுத்திவிட்டு, காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டுமாம். மருந்தின் தயவில்லாமல் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் லெவோடோபா என்ற அந்த மாத்திரை உள்ளே போகாத காலையில் அவரால் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியாது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட வேண்டும். வாசற்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். ஆயர் ஈத்தாமிலிருந்து அந்த நேரத்து நெரிசலில் எப்படிக் கூட்டிப் போவது? கொஞ்ச நாளில் விலகிவிட்டோம். பேராசிரியர்கள் படித்துத்தான் அந்த மனுவுக்குப் பணம் ஒதுக்கியிருப்பார்கள். ஒரு மனைவி படித்திருந்தால் ஆளை யார் கிளப்புவது, வண்டிக்கு யார் கொடுப்பது என்று அப்போதே கேட்டிருப்பாள்.

பிரிட்டனில் பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பு இப்படிக் கேட்க வழி வைத்திருக்கிறது. துறை நிபுணர்கள் அறிவியலை எடைபோட, நோயாளிகளும் பராமரிப்பவர்களும் மனுவின் எளிய சுருக்கத்தைப் படித்துக் கருத்து எழுதுகிறார்கள். மறதி நோய்க்கான அல்சைமர்ஸ் சொசைட்டியிலும் அப்படித்தான். அங்குள்ள மருத்துவ ஆய்வு அறக்கட்டளைகளுக்கு 1987இல் ஏற்பட்ட ஒரு கூட்டமைப்பு உண்டு. நிபுணர் மதிப்பீடு இல்லாமல் பணம் கொடுப்பவர்களுக்கு அதில் இடமில்லை. அதன் விதிப்படி, மனுக்களை மதிப்பிடும் குழுவில் இருப்பவர் காலத்துக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. தனக்கு வேண்டியவர் மனு வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் நமக்கு ரொம்ப முக்கியம். மலேசியா சிறிய நாடு. சில நோய்களுக்கு நிபுணர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒருவர் இன்னொருவரின் ஆசிரியராகவோ கூடப் படித்தவராகவோ இருப்பார். மனுவை வெளிநாட்டு நிபுணருக்கும் அனுப்பிக் கேட்கலாமே, மின்னஞ்சலுக்கு என்ன செலவு?

“ஆய்வைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்பார்கள். சரி, புள்ளியியல் தெரியாது, அதை நிபுணர்கள் பார்க்கட்டும். எங்களுக்கு மலாயிலோ தமிழிலோ இரண்டு பக்கச் சுருக்கம் கொடுங்கள், படித்து எழுதித் தருகிறோம். சம்பளம் வேண்டாம், பஸ் காசு கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு