ஹேஸ்டி பற்றிக் கட்டுரை எழுதும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வில்லியம் ஹேஸ்டி பற்றிய உன் வரைவைப் படித்தேன். கரீபியன் கடலில் உள்ள "அமெரிக்க விர்ஜின் தீவுகளின் முதல் கறுப்பின ஆளுநர், 1946" என்று ஆரம்பித்து, அவர் வகித்த பதவிகளை வரிசையாக அடுக்கி முடித்துவிட்டாய். பதவிப் பட்டியலை யாரும் தொகுத்துவிடலாம். நீ 1936-இல் இருந்து தொடங்கு.

ஹார்வர்டில் சட்டம் படித்த ஹேஸ்டி, 1933-இல் வாஷிங்டனில் உள்துறையின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். நம்மூர் உள்துறை மாதிரி போலீஸைக் கவனிக்கும் துறை இல்லை அது. பொது நிலம், தேசியப் பூங்கா, கடல் கடந்த தீவுகள் எல்லாம் அதன் பொறுப்பு. டென்மார்க்கிடமிருந்து 1917-இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கிய விர்ஜின் தீவுகளை 1931 வரை கடற்படை அதிகாரிகளே ஆண்டார்கள். 1936-இல் வந்த, தீவுகளின் ஆட்சிமுறையை வகுத்த அடிப்படைச் சட்டத்தின் (Organic Act) வரைவில் ஹேஸ்டியின் கையும் உண்டு.

அந்தச் சட்டத்தை நிதானமாகப் படி. சொத்து இருந்தால்தான் ஓட்டு என்பது போயிற்று. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த வயது வந்த குடிமக்களுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் ஓட்டு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இரண்டு: செயின்ட் குரோய்க்கு 9 பேர், செயின்ட் தாமஸும் செயின்ட் ஜானும் சேர்ந்து 7 பேர். கஜானாவும் தனித்தனி. மூன்று தீவுகளுக்கும் பொதுவான சட்டம் என்றால் இரு மன்றங்களும் ஒன்றாகக் கூட வேண்டும்.

மன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுடன் மன்றம் திரும்ப நிறைவேற்றி, ஆளுநர் அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால், விஷயம் ஜனாதிபதியிடம் போகும். அந்த ஆளுநரோ செனட்டின் ஒப்புதலோடு ஜனாதிபதி நியமித்தவர்; தீவில் அவருக்கு ஒரு ஓட்டுகூட விழுந்ததில்லை. ஓட்டு வாங்கியவர்களிடம் முடிவு இல்லை, முடிவெடுப்பவருக்கு ஓட்டு பலம் இல்லை. வரவு போதாமல் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால், வாஷிங்டன் காங்கிரஸிடம்தான் கையேந்த வேண்டும். ஆளுநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த முடிச்சை அவரால் அவிழ்க்க முடியாது.

1937-இல் இதே தீவுகளின் மாவட்ட நீதிமன்றத்துக்கு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஹேஸ்டியை நீதிபதியாக்கினார். அமெரிக்காவின் முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி அவர்தான். 1939-இல் அதை விட்டு, ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் தலைவரானார். 1940 முதல் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சனின் உதவியாளர். ராணுவ விமானப் படையில் கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கியதை எதிர்த்து 1943 ஜனவரியில் ராஜினாமா செய்தார். உன் வரைவில் இதற்கு அரை வரி. இரண்டு பத்தியாவது கொடு. ஒப்பாத இடத்தில் நாற்காலியை உதறக்கூடிய மனிதர், கை கட்டப்பட்ட ஆளுநர் பதவியை ஏன் ஏற்றார் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இடையில் வழக்குகளும் நடந்தன. டெக்சாஸில் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு என்பதை 1944-இல் உடைத்த ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில், கறுப்பின உரிமை வழக்கறிஞர் துர்குட் மார்ஷலோடு சேர்ந்து வாதாடியவர் இவர். ஜனாதிபதி ட்ரூமன் அவரை ஆளுநராக்கிய 1946-இலேயே, மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த மோர்கன் எதிர் வர்ஜீனியா வழக்கிலும் ஜெயித்தார்.

1949 அக்டோபரில், செனட் கூடாத சமயத்தில், மூன்றாம் வட்டார (Third Circuit) மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ட்ரூமன் அவரை நியமித்தார். ஒப்புதல் வந்தது 1950 ஜூலையில். விர்ஜின் தீவுகளின் மேல்முறையீடுகள் அப்போது போய்ச் சேர்ந்ததும் அதே நீதிமன்றத்துக்குத்தான். ஆக, தான் கைவைத்து எழுதிய சட்டத்தின் கீழ் கீழ்க்கோர்ட்டிலும் ஆளுநர் மாளிகையிலும் இருந்தவர், கடைசியில் அந்தத் தீவுகளின் தீர்ப்புகளை மேலிருந்து பரிசீலிக்கும் இடத்துக்கு வந்தார். உன் கட்டுரைக்கு முதுகெலும்பு இதுதான்.

ஒரு திருத்தம்: ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் காலத்தோடு இணைத்திருக்கிறாய். அது 1968 சட்டத்தால் வந்தது. முதல் தேர்தல் 1970-இல். ஜெயித்தவர் மெல்வின் எவன்ஸ் என்ற மருத்துவர்.

அன்புடன்,
அண்ணன்