டேப்லட் உடைஞ்சா காசு யாரு கட்டுறது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பாடபுத்தகத்தை எல்லாம் டிஜிட்டலா மாத்திட்டா பிள்ளைங்க பை கனம் குறையும்னு உங்க பேப்பர்ல ஒருத்தர் எழுதியிருந்தாரு. பை கனம் உண்மைதான், இல்லேன்னு சொல்லல, என் சின்னவ மூணாம் ஆண்டு, அவ பையை மோட்டார்சைக்கிள் முன்னாடி வச்சா வண்டியே ஒரு பக்கமா இழுக்குது. ஆனா "எல்லார் கையிலயும்தான் இப்ப போன் இருக்கே"ன்னு எழுதியிருந்தாரு பாருங்க, அந்த இடத்துலதான் எனக்கு இந்தக் கடிதம் எழுதத் தோணுச்சு.

நாங்க இருக்கிறது மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. வீட்டுல போன் இருக்கு, ஒண்ணு, அதை என் வீட்டுக்காரர் காலையில வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. 2020 மார்ச் 18-ல ஊரடங்கு போட்டப்ப நாங்க பட்ட பாடு இருக்கே, மாரியம்மன் கோயில் திடல்ல நின்னாத்தான் லைன் ரெண்டு கோடு வரும்னு பெரியவன் அங்கயே உக்காந்து கணக்குப் பாடம் பார்த்தான், மழை வந்தா பாடம் கட். இப்ப வீட்டுல மோடம் இருக்கு, ஆனா இடி இடிச்சா அது போயிடும்னு சாயங்காலமானா வயரைப் பிடுங்கிப் போட்டுடுறோம். அடுத்த வருஷம் வசதி இல்லாத பிள்ளைங்களுக்கு டேப்லட், லேப்டாப் தர்ற செர்டிக் திட்டத்துல 500 பள்ளிக்கு 150,000 கருவி தர்றதா சொன்னாங்க, நல்ல விஷயம், கிடைச்ச பிள்ளைங்களுக்கு. என் பெரியவனுக்குக் கிடைக்கல.

நான் டிஜிட்டலுக்கு எதிரி இல்லீங்க. சின்னவ அறிவியல் புக்கை பள்ளியிலயே விட்டுட்டு வந்த அன்னிக்கு கல்வி அமைச்சோட டெலிமா இணையத்தளத்துல போய் அந்தப் புக்கோட பிடிஎஃப்பை இறக்கித்தான் வீட்டுப்பாடம் முடிச்சோம், படத்தைப் பெருசாக்கிப் பார்த்து அவளுக்கு ஒரே சந்தோஷம். அப்படி கூடவே இருக்கட்டும். புத்தகத்தை எடுத்துட்டு டேப்லட்டை மட்டும் குடுக்குறோம்னு சொன்னாத்தான் பயமா இருக்கு.

ஏன்னா எங்களை மாதிரி ஆளுங்களுக்கு இரவல் புத்தகம் சாதாரண விஷயம் இல்ல. எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவரு. பள்ளியே புத்தகத்தை இரவலா குடுத்துத் திரும்ப வாங்கிக்கிற பாடபுத்தகக் கடன் திட்டம் 1975-ல ஆரம்பிச்சது, நான் படிக்கிறப்போ சம்பளம் கம்மியான வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் குடுப்பாங்க, அதுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் வரும், தோட்டத்து ஆபீஸ்ல கிராணிகிட்ட (குமாஸ்தாதான்) சம்பளத்தை எழுதி சாப், அதான் முத்திரை, வாங்கணும், அவரு நல்ல மூடுல இருக்கிற நாள் பார்த்து அப்பா போவாரு. 2008-லேர்ந்து சம்பளம் பார்க்காம எல்லாப் பிள்ளைக்கும் குடுக்குறாங்க. புத்தகத்துக்கு முன்பக்கம் ஒரு கட்டம் இருக்கும், யாரு வாங்குனா, எந்த வருஷம்னு. எனக்கு முன்னாடி அந்தப் புக்கைப் படிச்ச பக்கத்து லயத்து வீட்டு அக்கா பேரு அதுல இருக்கும், அதுக்குக் கீழ என் பேரை எழுதுறப்போ எழுத்து கோணக்கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுக்குவேன். பிளாஸ்டிக் அட்டை போடணும், உள்ள கிறுக்கக் கூடாது. தொலைச்சா அந்தப் புத்தகத்துக்கு உள்ள காசைக் கட்டணும், அவ்வளவுதான். ஒரு வருஷம் என் தம்பி புக்கு வாய்க்கால்ல விழுந்து, பக்கம் பக்கமா பிரிச்சு அடுப்புகிட்ட காய வச்சு, உப்பலா ஆனாலும் திருப்பிக் குடுத்தோம், வாங்கிக்கிட்டாங்க.

டேப்லட் வாய்க்கால்ல விழுந்தா? எங்க பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துல இதைத்தான் கேட்டேன். பிள்ளை கையில கண்ணாடி உடைஞ்சா காசு யாரு, பேட்டரி ரெண்டு வருஷத்துல செத்தா மாத்திக் குடுக்குறது யாரு, இங்க ரிப்பேர் கடைக்கு யாரு அலையுறதுன்னு. எல்லாரும் சிரிச்சாங்க, அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாங்க (அது கேண்டீன் மெனு, அதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு).

இதுக்கு முன்னாடி நாம செலவு பண்ணாமலும் இல்ல. 1999-ல சோதனை முறையில கம்ப்யூட்டர் வச்சுப் பாடம் நடத்துற 88 ஸ்மார்ட் ஸ்கூல் வந்துச்சு. 2011-ல 1பெஸ்தாரிநெட் ஆரம்பிச்சாங்க, 10,000 பள்ளிக்கு இண்டர்நெட், பிள்ளைக்கெல்லாம் ஆன்லைன் பாடம்னு, ஆனா அந்த ஆன்லைன் பாடத்தை உள்ள போய்ப் பார்க்குறவங்களே ரொம்ப கம்மின்னு கணக்காய்வு ரிப்போர்ட்லயே வந்துச்சு, 2019-ல முடிஞ்சும் போச்சு. வெளிநாட்டையும்தான் பாருங்களேன். தென்கொரியாவுல 2025 மார்ச்ல இங்கிலீஷ், கணக்கு, கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஏஐ பாடபுத்தகம் விட்டாங்க, ஆகஸ்ட்லயே அது பாடபுத்தகம் இல்ல, கூட வச்சுக்கிற பாடப்பொருள்தான்னு சட்டத்தை மாத்திட்டாங்க. நெட் வேகத்துக்குப் பேர் போன ஊரு அது. சுவீடன்லயும் 2023-ல அச்சுப் புத்தகம் வாங்கன்னே தனியா காசு ஒதுக்குனாங்க.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். டேப்லட் குடுக்குறதுன்னா அதையும் புத்தகம் மாதிரியே கடன் திட்டத்துல குடுங்க, வருஷக் கடைசியில வாங்கிக்குங்க, ரிப்பேர் செலவு பள்ளிக்கணக்குல இருக்கட்டும், அதுக்கான விதியை முன்னாடியே எழுத்துல காட்டுங்க. அதைப் பார்க்குற வரைக்கும் என் சின்னவ புத்தகத்துக்கு நான் பிளாஸ்டிக் அட்டை போட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மூணு பிள்ளைக்கு அம்மா,
சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக்