கோலைத் தட்டிக் காது கொடுத்தவர்களுக்கு

லடாக்கின் ஜான்ஸ்கார் அண்ணன்மாருக்கு,

ஜூலே. உங்கள் ஊரில் வணக்கத்துக்கும் நன்றிக்கும் இந்த ஒரு சொல் போதும். ஆனால் எதற்கு நன்றி என்று பிரித்துச் சொல்லாவிட்டால் மடல் வெறும் சம்பிரதாயமாகிவிடும். அடுத்த ஜனவரியில் சாதர் போக, அதாவது உறைந்த ஜான்ஸ்கார் ஆற்றின் மேல் நடக்க, மூட்டை கட்டுகிறவர்களும் படிக்கட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி, உறைந்த ஆற்றில் முன்னால் நடந்தவருக்கு. கையில் ஒரு கோல், சில அடிக்கு ஒரு தட்டு. கெட்டியாக 'டங்' என்றால் நடக்கலாம். வெறும் பானையைத் தட்டினாற்போல் 'தொம்' என்றால் அடியில் தண்ணீர் இறங்கிப் பொள்ளலாகியிருக்கிறது. ஓரப் பாறைக்கு ஏறிவிட வேண்டும். பனி கொட்டினால் ஆறு இன்னும் இறுகும் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைப்போம். நடப்பது தலைகீழ். மேகம் மூடிய இரவில் தரையின் சூடு மேலே போகாது, புதுப்பனியும் கம்பளிபோல் போர்த்திக்கொள்ளும், பனிக்கட்டி தடிக்காது. நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும் இரவுதான் நடக்கிறவர்களுக்கு நல்ல இரவு.

ஆறு போகும் திசையில் எங்காவது பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், தண்ணீர் எதிர்த்து ஏறி, உறைந்த பரப்பின் மேலேயே கணுக்கால் அளவு, சில இடத்தில் முழங்கால் அளவு ஓடும். லடாக்கின் லே நகரச் சந்தையில் வாங்கும் ரப்பர் கம்பூட்டின் அருமை அங்கேதான் தெரியும். ஒரு அளவு பெரியதாக எடுத்து, உள்ளே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. விலை கூடிய தோல் ஷூ அந்தத் தண்ணீரில் ஒருமுறை நனைந்தால் விடிவதற்குள் கல். வழுவழுப்பான இடத்தில் பாதத்தைத் தூக்காமல் தேய்த்தே நடக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

குகையில் சமைத்தவருக்குத் தனியாக ஒரு பத்தி. பியூட்டேன் சிலிண்டர் கடுங்குளிரில் ஆவியாகாது. மைனஸ் 25-இல் அது வெறும் டப்பா. அவர் நம்பியது மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். கிண்ணத்தில் சிறிது எண்ணெய் எரியவிட்டு, பர்னர் நன்றாகக் காய்ந்தபிறகே பம்ப் அடிப்பார். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் மஞ்சள் தீ எழும்பும், கரி பிடிக்கும், நிப்பிள் அடைத்துக்கொள்ளும். ஸ்டவ் பின்னைத் தொப்பியிலேயே குத்தி வைத்திருந்தார். கையுறையோடு பையைத் துழாவ வேண்டாமே! தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னவரும் அவர்தான். மேலே இருக்கும் தண்ணீர்தான் முதலில் உறையும், மூடி பக்கம் அடைக்காது. உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் நம் நாக்குக்குப் பழக ஒருநாள் ஆகும், அவ்வளவே.

லே மருத்துவருக்கும் செவிலியருக்கும்: சுமார் 3,500 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். விமானத்தில் வந்திறங்கியதும் ஆற்றுக்கு ஓடுகிறவர்களைத் தங்கவைத்துப் பரிசோதிப்பது தொல்லையல்ல. சாதர் பாதையும் ஏறக்குறைய லேயின் உயரத்திலேயே போகிறது. தலைவலியோடு தள்ளாட்டம் வந்தால் இறங்கித் தப்பத் தாழ்வான இடம் பக்கத்தில் இல்லை. வந்த பனிக்கட்டி மேலேயே திரும்ப வேண்டும்.

கடைசியாக, சுமை இழுத்தவர்களுக்கு. கணவாய்கள் மூடும் குளிர்காலத்தில் வெண்ணெய் விற்க லேக்கும், படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் நீங்கள் நடந்த வழி இது. சாகசம் என்று பெயர் வைத்தது நாங்கள். பனிக்கட்டி உடைந்த இடத்தில் சறுக்குவண்டியை அவிழ்த்து, மூட்டைகளை முதுகில் மாற்றிப் பாறையில் ஏறுவது உங்களுக்கு அன்றாடம். போகிறவர்களுக்கு ஒன்று: இவர்களுக்கான அன்பளிப்பை லேயிலேயே சில்லறை நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். மொத்தமாக ஒருவரிடம் நீட்டாமல், இழுத்தவர், சமைத்தவர் ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுங்கள்.

ஜூலே, அச்சோ (உங்கள் ஊர்ச் சொல்லில் அண்ணா).